ஒரு கூறு மீன்

காலையில் கடை திறந்து
விரிப்பில் கால் மடக்கி உட்காரும்போதே
தொடங்கிவிடும்.
மயில்கழுத்தா இலைப்பச்சையா.
கரை அகலமா ஒடுக்கமா.
இந்தச் சாயம் நிற்குமா.
நாகர்கோவில் மணிமேடைப் பக்கம், இரண்டாம் மாடி.
என் கைகளுக்கு வேலை விரிப்பது.
மடிப்பது அதைவிட.

இன்று தக்கலையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள்
ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புடவை எடுக்க.
நூற்றுப் பதினாலு விரித்தேன்.
ஒருத்திக்குப் பிடித்தது அடுத்தவளுக்கு ஆகவில்லை.
கடைசியில் அந்தப் பெண்
(அஜிலா என்று அத்தை அதட்டியதில் பெயர் தெரியும்)
கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து
'அக்கா, நீங்களே ஒண்ணு சொல்லுங்க' என்றாள்.
மாதுளை நிறத்தைக் காட்டினேன்.
ஏன் என்று கேட்டிருந்தால் பதில் இல்லை;
குவியலில் மேலாக அதுதான் கிடந்தது.
அவள் தோள்கள் இறங்கின,
தலைச்சுமையை யாரோ
கைகொடுத்து இறக்கி வைத்த மாதிரி.

மதியம் டப்பாவைத் திறக்குமுன் இரண்டு அழைப்பு.
மஸ்கட்டிலிருந்து தம்பி:
அருமனை ரப்பரை முறித்துவிட்டு அன்னாசி போடவா
இல்லை நிலத்தோடு கொடுத்துவிடவா,
'நீ சொன்னா செரி.'
அப்புறம் மகள்:
பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பாடம்,
வெள்ளிக்குள் படிவம்,
'நீ சொல்லும்மா.'
முருங்கைக்காயைக் கடித்தபடி
இரண்டு பேருக்கும் 'பார்ப்போம்' என்றேன்.
பார்ப்போம் என்பது
நான் அடிக்கடி உடுத்துகிற புடவை.

ஆறே முக்காலுக்குத் திங்கள்நகர் பேருந்து.
ஜன்னலோரமா உள்பக்கமா என்பதைக்
கூட்டம் தீர்த்துவைக்கிறது.
வில்லுக்குறி தாண்டும்போது
வேளிமலையில் மேகம் இறங்கியது
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இறங்கினால் விளக்குக் கம்பத்தடியில் சலேத்மேரி.
முன்னால் அலுமினியச் சருவம்.
தராசு இல்லை, கூறுதான்.
என்ன மீன் என்று நான் கேட்பதில்லை.
பையை விரித்துப் பிடிப்பேன், விழும்.
நேற்று நெத்தோலி.
இன்று சாளை.
'பொரிக்காத பிள்ளே.
தேங்காயும் நல்லமிளகும் அரைச்சு அவிச்சிரு.
மரச்சீனி உண்டும்லா வீட்டுல?'
உண்டு.
ஆக, அதுவும் முடிந்தது.
வீடுவரைக்கும் பன்னிரண்டு நிமிடம்
தலைக்குள் ஒரு கேள்வியும் இல்லை.
கோயிலில் சரணாகதி என்கிறார்களே
அதற்கு லேசாக மீன் வாடை இருக்கும்
என்று எனக்குத் தோன்றும்.

இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்
போன மாதம்வரை.
ஒரு வீட்டு விசேஷத்துக்கு மொத்தமாக எடுக்க
விடியுமுன் குளச்சல் போனேன்.
வள்ளங்கள் ஏறிய மணலில் ஏலம்.
ஆயிரத்து எழுநூறு, எழுநூற்றம்பது, எண்ணூறு.
நடுவில் சலேத்மேரி,
வட்டிக்கு வாங்கிய பணம் மடியில்,
கீழுதட்டைக் கடித்துக்கொண்டு.
விட்டால் இன்றைக்குச் சருவம் காலி.
எடுத்தால், விற்காமல் போனால்?
விளக்கடியில் நான் பார்க்கிற முகம் இல்லை அது.
என்னைக் கவனிக்கவில்லை.
ஏலக்காரர் அடுத்த எண்ணுக்கு வாய் திறக்குமுன்
தலையை ஒருமுறை அசைத்தாள்.
அந்த அசைவுதான்
அன்று சாயங்காலம் என் பையில் விழுந்தது.

இப்போது சாளை கழுவிக்கொண்டிருக்கிறேன்.
கையெல்லாம் செதிள்.
அடுக்களை வாசலில் மகள், படிவத்தோடு.
தோள்கள் ஏறியே இருக்கின்றன.
சொல்லிவிடலாம்,
மேலாகக் கிடப்பது எதுவோ அதை.
இறங்கிவிடும்.
நாக்கு நுனிவரை வந்தது.

'மரச்சீனி வெந்துட்டா பாரு' என்றேன்.
படிவத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனாள்.
மூடியைத் திறந்து, ஆவிக்கு முகத்தைத் திருப்பி,
கரண்டிக் காம்பால் ஒரு துண்டைக் குத்தினாள்.
'இன்னும் கொஞ்சம் கெடக்கட்டு' என்று
அவளே மூடினாள்.